"வெட்டு இல்லாத முழுப் பதிப்பு" என்று விற்ற புளூரே வட்டு: மாற்று வட்டு கோரிப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
வட்டு வெளியீட்டுப் பிரிவு.

பொருள்: அட்டையில் "புதுப்பித்த ஹெச்டி, வெட்டு இல்லாத முழுப் பதிப்பு" என்று அச்சிட்டு விற்ற வட்டு அப்படி இல்லாதது, மாற்று வட்டு அல்லது முழுப் பணம் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதல் புகாருக்கு உங்கள் பிரிவு அனுப்பிய பதில் இரண்டே வரி: இது குறைந்த பட்ஜெட் படம், மூலத்தின் தரமே அவ்வளவுதான். அந்தப் பதிலை ஏற்க முடியாது. ஏன் என்று விளக்கவே இந்தக் கடிதம்.

குறைந்த செலவில் எடுத்த படம் என்பது வாங்கும் எல்லோருக்கும் தெரியும். பழைய தாயத்து ஒன்றில் அடைபட்ட ஆவி ஒரு பெண்ணின் உடம்பில் இறங்குகிறது. அவள் முகமூடி மாட்டிக்கொண்டு, மனிதரின் ஆசையைத் தின்று வாழும் பேயோடு மோதுகிறாள். நடுநடுவே படுக்கையறைக் காட்சிகள். இந்த வகைப் படத்தில் நாயகி பறக்கும்போது இடுப்புக் கம்பி தெரியும். மேலே மைக் எட்டிப் பார்க்கும். பச்சைத் திரைக்கு முன் நின்றவரின் தலைமுடி ஓரம் பிசிறடிக்கும். மினிடிவி (MiniDV) என்ற சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்டில் எடுத்ததால் சிவப்பு உடையின் விளிம்பில் நிறம் வழியும். வரிக்கு 720 ஒளிப்புள்ளிகள் இருந்தாலும் நிறத்துக்கு 180 புள்ளிகள்தான் அந்தக் கேசட்டில் பதிவாகும், வழியாமல் என்ன செய்யும்? இதெல்லாம் படத்தோடு பிறந்த குறைகள். இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை புகார் கிடையாது. இந்த வகைப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் அந்தக் கம்பியையும் சேர்த்துத்தான் விரும்புகிறார்கள். புகார் எல்லாம் வட்டு தயாரித்தவர் புதிதாகச் சேர்த்த குறைகளைப் பற்றி. இதே படத்தின் பழைய டிவிடியையும் உங்கள் வட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் எது யாருடைய குறை என்பது தெளிவாகப் பிரிந்துவிடும்.

முதலில் நீளம். அட்டையில் 90 நிமிடம். பழைய டிவிடியும் 90 நிமிடம்தான். உங்கள் வட்டு 83 நிமிடம் 30 நொடியில் முடிந்துவிடுகிறது. காணாமல் போன ஆறரை நிமிடத்தில் பாதிக்கு மேல் வேகத்தில் போயிருக்கிறது. படத்தின் உண்மையான வேகம் நொடிக்கு 23.976 பிரேம், வட்டில் அது 25 பிரேமாக ஓடுகிறது. நொடிக்கு 25 பிரேம் காட்டும் பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்குப் படம் கொடுக்கும்போது வழக்கமாகச் செய்த குறுக்குவழி இது. ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தாலும் 90 நிமிடப் படம் 86 நிமிடம் 19 நொடி ஓட வேண்டும். வட்டைப் பழைய வேகத்துக்கு இறக்கி ஓட்டினால் 87 நிமிடம் 4 நொடிதான் வருகிறது. ஆக, 2 நிமிடம் 56 நொடி வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டு இல்லாத பதிப்பு என்று சொல்லி நீங்கள் விற்றது தொலைக்காட்சிக்காகக் கத்தரித்த பிரதி.

வேகம் கூடியதால் குரலும் உயர்ந்துவிட்டது, ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம். நாயகியின் குரலில் அது அவ்வளவாக உறுத்தாது. பேயின் அடிக்குரலில் உறுத்துகிறது. மிரட்டல் போய் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது மாதிரி கேட்கிறது.

வெட்டு விழுந்த இடங்கள் மூன்று. மூன்றுமே படுக்கையறைக் காட்சிகள். கிளுகிளுப்பு குறைந்துவிட்டது என்று அழுவதாக நினைக்க வேண்டாம். இரண்டாவது காட்சியில்தான் பேயின் கருந்தழும்பு, கூட இருக்கும் ஆணின் தோளிலிருந்து நாயகியின் தோளுக்கு மாறுகிறது. கதையின் திருப்பமே அதுதான். உங்கள் வட்டில் அந்த 50 நொடியும் இல்லை. அதனால் அடுத்த சண்டையில் அவள் தோளில் திடீரென்று தழும்பு முளைத்திருக்கிறது, அவள் சக்தி ஏன் பாதியாகக் குறைந்தது என்பதற்குக் காரணமே கிடைக்கவில்லை. வெட்டிய இடத்தை மறைக்க முன்பு வந்த மெழுகுவர்த்தி ஷாட்டை மெதுவாக்கி ஒட்டியிருக்கிறார்கள். பாதி எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி மறுபடி முழு நீளத்துக்கு வளர்ந்து நிற்கிறது. பின்னணி இசையில் தாளம் நடுவில் அறுந்து, அடுத்த அடி தவறான இடத்தில் விழுகிறது. கண்ணை மூடிக் கேட்டால்கூட வெட்டு எங்கே என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது அசைவு. இதுதான் மிக மோசமான சேதம், திரும்பச் சரிசெய்யவே முடியாத சேதமும் இதுதான். படத்தின் கடைசி டைட்டிலில் கேமராவின் பெயர் இருக்கிறது: 2002-ல் வந்த பானசோனிக் டிவிஎக்ஸ்100. சினிமா போல நொடிக்கு 24 பிரேம் (துல்லியமாக 23.976) எடுத்து, அதைக் கேசட்டில் 29.97 பிரேம் இன்டர்லேஸ் வடிவத்துக்குள் (ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறு பாதி என்று ஒவ்வொரு பிரேமும் இரண்டு 'ஃபீல்டு'களாகப் பதியும் வடிவம்) மடித்துவைக்கும் கேமரா அது. மடிக்கும் முறை இப்படி: நான்கு பிரேம்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டில் ஐந்து பிரேம்களாக அவை உட்காரும்: அ முழுதாக, ஆ முழுதாக, அடுத்து ஆவும் இயும் பாதிப் பாதி, அடுத்து இயும் ஈயும் பாதிப் பாதி, கடைசியில் ஈ முழுதாக. இ மட்டும் எங்கேயும் தனியாக இருக்காது. மூன்றாவது பிரேமிலிருந்து ஒரு ஃபீல்டையும் நான்காவதிலிருந்து மறு ஃபீல்டையும் எடுத்துக் கோத்தால் அது முழுசாகக் கிடைத்துவிடும். இன்வர்ஸ் டெலிசினி என்று சொல்வது இதைத்தான். இலவச மென்பொருளிலேயே செய்யலாம்.

உங்கள் மாஸ்டரை, அதாவது வட்டுக்கான மூலப் பிரதியை, தயாரித்தவர் இதைச் செய்யாமல் சாதாரண டீஇன்டர்லேஸில் இரண்டு ஃபீல்டுகளையும் ஒன்றாகக் கலக்கும் 'பிளெண்ட்' முறையைப் போட்டுக் குழைத்துவிட்டார். பிறகு ஐந்தில் ஒன்றைக் கழித்து நான்காக்கியிருக்கிறார். விளைவு, ஒவ்வொரு நான்கு பிரேமிலும் ஒன்று இரட்டை உருவம். நாயகி சுழன்று உதைக்கும் காட்சியை பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். நான்காவது தடவை பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அவளுக்கு நான்கு கால். மந்திர ஒளி கையிலிருந்து பாயும் இடத்தில் ஒளிக்கற்றை இரண்டாகப் பிளந்து தெரிகிறது. அதை ஸ்பெஷல் எஃபெக்ட் என்று நினைத்துக்கொள்பவர்களும் இருப்பார்கள், பாவம்.

இந்தக் குழைந்த படத்தைத்தான் பிறகு ஏஐ அப்ஸ்கேலுக்கு (செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளுக்கு) கொடுத்திருக்கிறீர்கள். அந்த மென்பொருளுக்கு எது முகம், எது பேய், எது மிச்சமான நிழல் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் விளிம்பு தீட்டிவைக்கும். அண்மைக் காட்சிகளில் சருமம் மெழுகாகிவிட்டது. தூரக் காட்சிகளில் நாயகியின் முகம் பிரேமுக்கு பிரேம் வேறு ஆளாகிறது. உடையின் சல்லாத்துணி வேலைப்பாடு நின்ற இடத்திலேயே கொதிக்கிறது. தாயத்தில் செதுக்கிய எழுத்துகள் டிவிடியில் மங்கலாக இருந்தாலும் ஒரே எழுத்துகளாக இருந்தன. வட்டில் அவை கூர்மையாக இருக்கின்றன, ஆனால் ஷாட்டுக்கு ஷாட் வேறு எழுத்துகளாக. கம்பியைப் பற்றி முன்பே சொன்னேன். அதை உங்கள் இரைச்சல் நீக்கி சில பிரேம்களில் அழித்துவிட்டு சில பிரேம்களில் விட்டிருப்பதால், இப்போது கம்பி கண்சிமிட்டுகிறது. முன்பு யாரும் கவனிக்காத கம்பி அது.

சட்டகம் பற்றியும் சொல்ல வேண்டும். படம் 4:3-ல் எடுத்து 4:3-க்கே சட்டமிட்டது. அகலத்திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியதில் உயரத்தில் கால் பங்கு போய்விட்டது. இந்தப் படத்தில் அது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. சக்தி இறங்கும் காட்சியில் ஒளி முதலில் நெற்றியில் தோன்றி, பிறகுதான் கழுத்துக்கு இறங்குகிறது. உங்கள் சட்டகம் புருவத்தோடு நின்றுவிடுவதால் ஒளி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. படுக்கையறைக் காட்சிகளில் இன்னும் கேவலம். இயக்குநர் முகத்தை மேலேயும் உடலைக் கீழேயும் வைத்து, பயமும் ஆசையும் ஒரே முகத்தில் மாறிமாறி வருவதைக் காட்டியிருக்கிறார். நீங்கள் சட்டகத்தைக் கீழே நகர்த்தி முகத்தை வெளியே தள்ளிவிட்டீர்கள். எடுத்தவர் காட்டியதைவிட மலிவான ஒன்றை அவர் பெயரில் விற்கிறீர்கள். அட்டைப் படமும் அப்படித்தான். அதில் நிற்கும் பெண் படத்தில் ஒரு காட்சியில்கூட இல்லை.

நிறத்தில் இரண்டு தவறுகள். பழைய எஸ்டி (சாதாரணத் தெளிவு) படத்தின் நிறக்கணக்கு 601 என்ற தரம், ஹெச்டியின் கணக்கு 709 என்ற தரம். மாற்றாமல் அப்படியே ஏற்றியதால் சிவப்பு உடை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து, பச்சை இருண்டு, சருமம் மஞ்சள் பூசியதுபோல் இருக்கிறது. அதோடு 16 (கறுப்பு) முதல் 235 (வெள்ளை) வரையான ஒளி அளவை இரண்டு தடவை விரித்திருக்கிறார்கள். நிழலில் இருந்ததெல்லாம் தார். கல்லறைச் சண்டை முழுக்கக் கறுப்பு அங்கி கறுப்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வெறும் கைகள் மட்டும் காற்றில் அடித்துக்கொள்கின்றன.

புகைமூட்டக் காட்சிகளில் கட்டம் கட்டமாகச் சிதறுவதற்கு "வட்டில் இடமில்லை" என்று சொல்ல முடியாது. 25 ஜிபி வட்டில் படமும் ஒலியும் சேர்ந்து 6.4 ஜிபிதான் இருக்கிறது. பிட்ரேட், அதாவது நொடிக்குச் செலவிடும் தரவு, சராசரி 10 எம்பிபிஎஸ் (மெகாபிட்). புளூரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். புகை, மழை, தீப்பொறி என்று எதுவும் ஒரே இடத்தில் நிற்காத இப்படிப்பட்ட படத்துக்கு அதில் பாதியாவது கொடுத்திருக்க வேண்டும்.

ஆவி பேசும் கற்பனை மொழிக்கு டிவிடியில் திரையிலேயே எழுத்து பதிந்திருந்தது. நீங்கள் எடுத்துக்கொண்ட பிரதி எழுத்து இல்லாதது போலும். அந்த வசனங்களுக்குத் தானாகத் தோன்றும் சப்டைட்டில் டிராக்கும் போடவில்லை. எனவே ஆவி நாயகியிடம் வைக்கும் நிபந்தனை என்ன என்பது வட்டில் யாருக்கும் தெரியாது. இன்னொன்று: வட்டைப் போட்டதும் வயது எச்சரிக்கை வருவதற்கு முன்பே மெனுவில் படுக்கையறைக் காட்சி சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வயது வந்தோருக்கான படத்தில் எச்சரிக்கை முதலில் வர வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாற்று வட்டு தயாரிப்பது கடினமான வேலை இல்லை. மூலக் கேசட்டோ எடிட்டிங் மாஸ்டரோ உரிமையாளரிடம் இருந்தால், ஃபயர்வயர் கேபிள் வழியாக மறுபடி சுருக்காமல் அப்படியே எடுக்கலாம். அந்தக் கேசட்டில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். அதை மேல் ஃபீல்டு என்று மென்பொருளுக்குச் சொன்னால் அசைவு முன்னும் பின்னும் துள்ளும், எனவே இதை முதலில் சோதிக்கவும். அடுத்து இன்வர்ஸ் டெலிசினி. எடிட்டிங்கின்போது வெட்டு விழுந்த இடங்களில் மடிப்பின் வரிசை மாறியிருக்கும், ஆகவே ஒரே வரிசையைப் படம் முழுக்கத் திணிக்காமல் ஷாட் ஷாட்டாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் 601-லிருந்து 709-க்கு நிறமாற்றம், பெரிதாக்கல் எல்லாம். பெரிதாக்க ஏஐ தேவையே இல்லை. 4:3 படத்தை 1440-க்கு 1080 அளவில், இருபுறமும் கறுப்புப் பட்டையோடு வையுங்கள். மீதமிருக்கும் இடத்தில் மூலத்தை எஸ்டி இன்டர்லேஸாகவே, மெனுவில் தனியாகத் தேர்ந்தெடுக்கும் இன்னொரு பதிப்பாகப் போடலாம். 720-க்கு 480 இன்டர்லேஸை புளூரே ஏற்றுக்கொள்ளும்.

கேசட் தொலைந்துவிட்டது என்றால் பழைய டிவிடியையே மூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் அதிகம்தான், ஆனால் அதில் ஃபீல்டுகள் குழையாமல் இருக்கின்றன, வெட்டும் இல்லை. இப்போது விற்கும் வட்டைவிட எவ்வளவோ தேவலை.

கோருவது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மாற்று வட்டு எப்போது வரும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அல்லது தபால் செலவோடு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அதுவரை கையிருப்பில் உள்ள வட்டுகளின் அட்டையில் "வெட்டு இல்லாத", "90 நிமிடம்" என்ற இரண்டையும் மறைத்து விற்க வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு குறைக்கும் நேரக்குறிப்பு, இரு வட்டுகளின் ஒப்பீட்டுப் படங்கள், மீடியாஇன்ஃபோ (வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) அறிக்கை ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பதில் எழுதுபவர் குறைந்தது 41-ஆவது நிமிட மெழுகுவர்த்தியை மட்டுமாவது பார்த்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். வட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ரசீதோடு அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: நேரக்குறிப்புப் பட்டியல், ஒப்பீட்டுப் படங்கள், கோப்பு விவர அறிக்கை, ரசீதின் நகல்.