தெளிவாக்கும் திரவத்தின் லேபிள் குறிப்பால் கடல்நீர் மீன்தொட்டியில் நேர்ந்த இழப்பு: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவின் தலைவர் அவர்கள்

பொருள்: தெளிவாக்கும் பாக்டீரியா திரவத்தின் பயன்பாட்டுக் குறிப்பு, அதன்படி நடந்ததால் இறந்த மீன்கள், என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ‘நன்னீர், கடல்நீர் இரண்டுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டு நீங்கள் விற்கும் தெளிவாக்கும் திரவத்தை லேபிளில் சொன்ன அளவிலும் முறையிலும் பயன்படுத்தியதில், என் தொட்டியில் இரண்டு மீன்கள் இறந்துவிட்டன. இதுபற்றி எழுதியபோது, அளவுக்கு மீறித் தீனி போட்டதால் அம்மோனியா உயர்ந்திருக்கிறது என்று மூன்று வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் நடந்தவற்றின் வரிசையையே தலைகீழாக்குவதால், இம்முறை எதையும் விடாமல் எழுதுகிறேன்.

தொட்டி 200 லிட்டர் கொள்ளளவுடையது. 14 மாதங்களாக ஓடுகிறது. உவர்ப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், நீரின் அமில-கார அளவான பிஎச் பகலில் 8.2, விடியற்காலையில் 8.0. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு ராயல் கிராமா, ஒரு ஃபயர்ஃபிஷ், பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கும் ஒரு கோபி மீன் ஆகியவை அதில் இருந்தன. புதிதாக எந்த மீனையும் கடைசி ஐந்து மாதங்களில் நான் சேர்க்கவில்லை.

ஒரு பாறையை இடம் மாற்றி அடிமணலைக் கிளறியதில் நீர் லேசாகக் கலங்கியது. அது தூசிக் கலங்கல்தான்; ஒரு நாள் பொறுத்திருந்தால் வடிகட்டியே அதை எடுத்திருக்கும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவசரப்பட்டு உங்கள் திரவத்தை வாங்கியது என் பிழை. ஆனால் வாங்கிய பிறகு நான் செய்த ஒவ்வொன்றும் உங்கள் லேபிள் சொன்னதுதான். 100 லிட்டருக்கு 10 மில்லி என்ற கணக்கில் மாலையில் 20 மில்லி ஊற்றினேன். ‘48 மணி நேரத்துக்குப் புரோட்டீன் ஸ்கிம்மரை நிறுத்தி வைக்கவும்’ என்றிருந்ததால், காற்றுக்குமிழ் நுரையால் நீரிலுள்ள கழிவை அகற்றும் அந்தக் கருவியை நிறுத்தினேன். மறுநாள் காலையில் பின்கண்ணாடியே தெரியாத அளவுக்கு நீர் கழுநீர்போல வெளுத்திருந்தது. ‘தெளியாவிட்டால் 24 மணி நேரம் கழித்து மீண்டும் அதே அளவு ஊற்றவும்’ என்ற வரியை நம்பி, அன்று மாலை மேலும் 20 மில்லி ஊற்றினேன்.

அன்றிரவு 3 மணிக்கு நான் விழித்துக்கொண்டதற்குக் காரணம் சத்தம் அல்ல, சத்தம் இல்லாததுதான். பிஸ்டல் இறால் இரவெல்லாம் இடுக்கியைச் சொடுக்கி ‘டப், டப்’ என்று ஒலி எழுப்பும். பழகிய காதுக்கு அது இல்லாவிட்டால் ஏதோ குறைவதுபோல் இருக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, வளையை விட்டு ஒரு சாண் தூரம்கூடப் போகாத கோபி, மிக உயரமான பாறையின் உச்சியில், நீர்மட்டத்துக்கு அருகே ஒட்டிக்கிடந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றின் செவுள்கள் எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டன. ஃபயர்ஃபிஷ் மணலில் இறந்து கிடந்தது. ராயல் கிராமாவைக் காணவில்லை.

உடனே ஸ்கிம்மரை ஓடவிட்டு, குமிழிவிடும் காற்றுக்கல் ஒன்றை இறக்கி, நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பான பவர்ஹெட்டை நீர்மட்டம் கொந்தளிக்கும்படி மேல்நோக்கித் திருப்பினேன். அதற்கு முன்பே எடுத்து வைத்த நீர் மாதிரியில் அம்மோனியா சுழியம்; காரத்தன்மை வழக்கம்போல 8.5 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), பிஎச் மட்டும் 7.8 ஆக இறங்கியிருந்தது. உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் இந்த மூன்று அளவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் ஆக்சிஜன் அளக்கும் கருவி கிடையாது. ஆகவே அந்த மாதிரியில் ஒரு குவளை எடுத்து, ஜன்னலோரம் வைத்து, ஒரு மணி நேரம் காற்றுக்கல் ஓடவிட்டேன், பிஎச் 8.2க்கு ஏறிவிட்டது. கரைந்த கரியமில வாயு பிஎச்சைக் குறைக்கும், காற்றூட்டினால் அது வெளியேறிவிடும்; ஆகவே நீரில் கரியமில வாயு தேங்கியிருந்தது என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. மற்றொரு குவளையில் வினிகர் சில துளிகள் விட்டேன், வெண்மை கரையவில்லை. கால்சியம் கார்பனேட் வீழ்படிவாக இருந்திருந்தால் அமிலம் பட்டதும் தெளிந்திருக்கும். மூன்றாவது குவளையை அசைக்காமல் ஆறு மணி நேரம் வைத்தேன். அடியில் எதுவும் படியாததால் அது மணல்தூசியும் அல்ல.

எஞ்சுவது பாக்டீரியாப் பெருக்கம் ஒன்றே. உங்கள் புட்டியில் ‘இயற்கை நுண்ணுயிர்களும் அவற்றுக்கான ஊட்டமும்’ என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊட்டம் கரிமப் பொருளாக இருந்தால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடும். 25 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; கடல்நீரிலோ அது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. இரவில் பாசியும் ஆக்சிஜன் தராது. கடல்நீர்த் தொட்டிகள் பலவற்றில் காற்றைக் கலக்கும் முக்கியக் கருவியே ஸ்கிம்மர்தான். கையிருப்பு குறைந்த நீரில், செலவு உச்சத்துக்குப் போகும் இரண்டு இரவுகளுக்கு, வரவை அடைத்து வைக்கச் சொல்கிறது உங்கள் லேபிள். ஊற்றிய நுண்ணுயிர்களை ஸ்கிம்மர் வெளியேற்றிவிடக் கூடாது என்ற உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் காற்றுக்கல் போடும்படி ஒரு வரி சேர்த்திருக்கலாமே. நன்னீருக்கும் கடல்நீருக்கும் ஒரே அளவு, ஒரே குறிப்பு என்பதும், கலங்கல் அதிகரித்தால் மேலும் ஊற்றச் சொல்வதும் கவனக்குறைவு என்றே நான் கருதுகிறேன்.

அம்மோனியாவுக்கு வருகிறேன். நீங்கள் பதிலில் சுட்டிக்காட்டிய 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.25 பங்கு) என்ற அளவு மறுநாள் மாலை எடுத்தது. பாறை இடுக்கில் பாதி சிதைந்திருந்த ராயல் கிராமாவின் உடலை அதற்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான் கண்டெடுத்தேன். மீன் இறந்ததால் அம்மோனியா வந்தது. அம்மோனியா வந்ததால் மீன் இறக்கவில்லை. இரண்டு சோதனைகளின் நேரத்தையும் என் முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தேன். தீனியைப் பொறுத்தவரை, கலங்கல் தொடங்கிய நாள்முதல் நான் எதுவும் போடவேயில்லை.

உடலை அகற்றி, ஏற்கெனவே காற்றூட்டி அதே உவர்ப்புக்கும் வெப்பத்துக்கும் கொண்டுவந்திருந்த உப்புநீரால் கால்பங்கு நீரை மாற்றினேன். ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருக்க, வேறு எந்த மருந்தும் இல்லாமல், நான்கு நாட்களில் நீர் தானாகவே தெளிந்தது.

நான் கேட்பவை இவை. திரவத்தில் உள்ள ஊட்டப்பொருள் எது, எந்தச் செறிவில் இருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடல்நீருக்கான குறிப்பைத் தனியாக அச்சிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டாமல் ஸ்கிம்மரை நிறுத்தக் கூடாது என்றும், நீர் வெளுத்தால் அடுத்த தவணையை ஊற்றக் கூடாது என்றும் அதில் சேர்க்க வேண்டும். அதுவரை கடைகளில் இருக்கும் புட்டிகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். என்மீது பழி சுமத்திய முதல் பதிலைத் திரும்பப் பெற வேண்டும். புட்டியின் விலையையும் இறந்த இரண்டு மீன்களின் விலையையும் ஈடுசெய்ய வேண்டும். இதைக் கடைசியாக எழுதுவதற்குக் காரணம், மற்றவை இதைவிட அவசரமானவை என்பதுதான்.

மீதித் திரவத்தை மூடியில் நாடா ஒட்டி, தொகுதி எண் தெரியும்படி தனியாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வகத்துக்கு வேண்டுமானால் பாதியை அனுப்பத் தயார். மறுபாதி என்னிடம் இருக்கும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் கையொப்பத்தோடு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், லேபிளின் படம், நேரம் குறித்த சோதனை அளவுகள், மூன்று குவளைகளின் படங்கள்.