பழைய டைம்லைனைத் திறந்தபோது

சாலிகிராமம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் நலமா? முகூர்த்த சீசன் முடிந்துவிட்டதால் இப்போதாவது கொஞ்சம் தூங்குகிறாய் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பத்தான் போனை எடுத்தேன். ஆனால் எடிட்டிங்குக்கு டிராக் வேண்டுமா வேண்டாமா என்று உன்னோடு போட்ட ஒரு பழைய சண்டையில் பாதி தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் குரலில் சொன்னால் பத்து வருடம் வைத்திருந்து போட்டுக் காட்டுவாய். அதனால் கடிதம்.

2010ல் நாம் வெட்டினோமே தறி ஆவணப்படம், அதன் இயக்குநர் போன வாரம் கூப்பிட்டார். எங்கேயோ திரையிடக் கேட்கிறார்களாம். மாஸ்டரை மறுபடி நல்ல தரத்தில் எடுத்துத் தர வேண்டும், நடுவில் ஒரு ஷாட்டைத் தூக்க வேண்டும், கடைசியில் இரண்டு பெயர் மாற்ற வேண்டும். சரி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அது எஃப்.சி.பி. செவன் ப்ராஜெக்ட், ஆப்பிளின் பழைய எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ 7ல் செய்தது. 2017ல் வந்த ஹை சியரா இயங்குதளத்திலிருந்து எந்த மேக்கும் அதை உள்ளே விடாது. கடைசியில் பரணில் கிடந்த அந்த வெள்ளி நிற டவரை நானும் வாட்ச்மேனும் சேர்ந்து இறக்கினோம். என்ன கனம்! ஃபயர்வயர் கேபிளைத் தேடவே ஒரு பகல் போனது.

திறந்தது. ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நேரம் முக்கி முனகிவிட்டு ஓடியது. ஷாட்டையும் சத்தத்தையும் வரிசையாக அடுக்கி வைத்த டைம்லைன் திரையில் வந்தபோது உன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. சத்தத்துக்கு எட்டு டிராக், அதாவது எட்டு தனி வரிசை. ஏ1, ஏ2 பேட்டி. ஏ3, ஏ4 வாய்ஸ் ஓவர். ஏ5, ஏ6 தறிச் சத்தம். ஏ7, ஏ8 இசை. ஏ6க்குப் பூட்டுப் போட்டிருந்தாய். நீ சிறு ரெக்கார்டரோடு போய் இரவில் எடுத்து வந்த தறிச் சத்தம் அதில்தான் இருந்தது. அதை நான் நகர்த்திவிடுவேன் என்று உனக்குப் பயம்.

பக்கத்தில் என் அசிஸ்டெண்ட் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது, போனிலேயே வெட்டப் பழகி வந்தவள். "சார், பாதிப் படத்துக்கு மேல ஏழும் எட்டும் காலியாத்தானே இருக்கு, எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சவுண்ட் இன்ஜினியர் திறந்ததுமே இசை எங்கே என்று தேடக் கூடாது, அதற்காக என்றேன். "போன் பண்ணிச் சொல்லிடலாமே சார்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

2011 ஏப்ரல் 12 ராத்திரி நினைவிருக்கிறதா? லாஸ் வேகாஸில் ஒளிபரப்புத் துறையின் என்.ஏ.பி. கண்காட்சியை ஒட்டி, எடிட்டர்கள் கூடும் சூப்பர்மீட்டில், செவனுக்கு அடுத்து வரும் ஃபைனல் கட் ப்ரோ டென்னை முதன்முதலாகக் காட்டினார்கள். கூட்டத்தில் யாரோ நடுங்கும் கையோடு எடுத்துப் போட்ட வீடியோவை நாம் மறுநாள் திக்கித் திக்கி ஓடவிட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு வசதிக்கும் அங்கே கைத்தட்டல். நீயும் இங்கே தட்டினாய். வெட்டியதைக் கணக்கிட்டு ஓடத் தயாராக்கும் ரெண்டர் வேலை பின்னணியிலேயே நடக்கும், 64 பிட், இருக்கிற மெமரியை எல்லாம் எடுத்துக்கொள்ளும். செவனுக்கு 4 ஜி.பி.க்கு மேல் தொடவே தெரியாது, அந்த ரெண்டர் பட்டை நகர்வதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அடியோடு பிரித்துக் கட்டாமல் வேறு வழியில்லை என்று நீ சொன்னதில் எனக்கு அன்றும் மறுப்பில்லை.

ஜூன் 21ல் கைக்கு வந்தபோதுதான் கூத்து. விலை 299.99 டாலர், செவன் அடங்கிய பழைய ஸ்டூடியோ தொகுப்பு 999. விலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டவன் எல்லாம் சாயங்காலமே தலையில் கைவைத்தான். செவனில் வெட்டிய ப்ராஜெக்டைத் திறக்காது. வீட்டு வீடியோ வெட்டுவதற்கான ஆப்பிளின் ஐமூவி ப்ராஜெக்டை மட்டும் திறக்கும்! பல கேமராவில் எடுத்ததை ஒன்றாக வைத்து வெட்டும் மல்டிகேம் இல்லை. சத்தத்தை மிக்சிங்குக்கு அனுப்பும் ஓ.எம்.எஃப். இல்லை, வெட்டிய வரிசையை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் எக்ஸ்.எம்.எல். இல்லை, இ.டி.எல். இல்லை. வெளி மானிட்டருக்கு ஒழுங்கான வழி இல்லை. 'ஐமூவி ப்ரோ' என்று உலகம் முழுக்கக் கேலி. அமெரிக்காவில் கோனன் ஓ'பிரையன் தன் ராத்திரி நிகழ்ச்சியிலேயே அவருடைய எடிட்டர்களை வைத்து இதைக் கிண்டல் செய்தார். ஒரு எடிட்டிங் மென்பொருள் டி.வி. காமெடி ஆனதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் டீக்கடையில் நாம் கத்திய கத்து! பக்கத்து பெஞ்சில் இருந்தவர் ஏதோ சொத்துத் தகராறு என்றே நினைத்திருப்பார். டைம்லைன் இனிமேல் காந்தம், ஒரு ஷாட்டை எடுத்தால் மற்றவை தானே வந்து ஒட்டிக்கொள்ளும், சத்தமும் மேலே கிடக்கும் ஷாட்டும் அததன் கிளிப்பில் தொங்கிக்கொண்டு கூடவே போகும், டிராக் எதற்கு என்றாய் நீ. டிராக் இல்லாமல் எடிட்டிங்கா, அது வரப்பு இல்லாத வயல் என்றேன் நான். வரப்பு வயலுக்கு இல்லை, பங்காளிச் சண்டைக்குத்தான் என்று நீ திருப்பி அடித்தாய். இன்னும் மறக்கவில்லை.

சரி, தோற்ற கதைக்கு வருகிறேன். நடுவில் அந்த இரண்டு வினாடி ஷாட்டைத் தூக்கினேன். மற்ற டிராக்குகள் எல்லாம் நகர்ந்து மூடிக்கொண்டன. ஏ6ல் உன் பூட்டு. அது மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. நாலு நிமிடம் தள்ளி ஓடவிட்டுப் பார்க்கிறேன், கிழவர் தறியை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைக்கிறார், தறிச் சத்தம் மட்டும் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. என் அசிஸ்டெண்ட் சிரித்த சிரிப்பு! அப்புறம் மெதுவாகச் சொன்னாள், "கனெக்டட் கிளிப்பா இருந்தா இது நடக்காது சார்." உன் வாயில் வந்த மாதிரியே இருந்தது. பதினைந்து வருடமாக சிங்க் போகாமல், அதாவது படமும் சத்தமும் விலகாமல், பார்த்துக்கொள்வதை எடிட்டரின் திறமை என்று நினைத்திருக்கிறேன். அதில் பாதி, மென்பொருள் செய்யாமல் விட்ட வேலையை நான் செய்தது. இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன், வைத்துக்கொள்.

இன்னொரு பாதியை விட்டுத்தர மாட்டேன்.

டென்னை வடிவமைத்ததில் முக்கியமானவர் ராண்டி உபிலோஸ். இன்று அடோபி விற்கும் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளை முதலில் எழுதியவர். பிறகு மேக்ரோமீடியாவில் அவர் செய்துகொண்டிருந்ததை 1998ல் ஆப்பிள் வாங்கி, 1999ல் ஃபைனல் கட் ப்ரோ என்று கொண்டுவந்தது. அதே மனிதர் விடுமுறையில் எடுத்த வீடியோவை அரை மணி நேரத்தில் வெட்ட வேண்டும் என்று தொடங்கியதிலிருந்துதான் 2007ல் ஐமூவி புது வடிவம் எடுத்தது. டென்னில் அந்த ஐமூவியின் ஜாடை நன்றாகவே தெரியும். விடுமுறை வீடியோவை வெட்டுகிறவன் ஒற்றை ஆள். அவனுக்கு அடுத்த மேஜை கிடையாது. சவுண்டுக்கு யாரிடமும் கொடுப்பதில்லை, கலருக்கு எங்கேயும் அனுப்புவதில்லை, காலையில் ஷிஃப்டுக்கு வரும் அசிஸ்டெண்ட் இல்லை. அவன் கைக்கு டென் கச்சிதம். கல்யாண வீடியோவில் நீயும் அப்படித்தான், நீயே வெட்டி நீயே கலர் பார்த்து நீயே பாட்டுப் போட்டு நீயே பென் டிரைவில் கொடுக்கிறாய். அதனால்தான் உனக்கு அன்றே பிடித்தது.

எனக்கு டிராக் என்பது என் வசதிக்கு இல்லை, அடுத்தவன் கண்ணுக்கு. ராத்திரி நான் விட்ட இடத்தில் காலையில் வேறொருவன் உட்காருவான். ஓ.எம்.எஃப். வெளியே எடுக்க முடியாத மென்பொருளை வைத்துக்கொண்டு மிக்சிங் தியேட்டருக்கு நான் எதை அனுப்புவது? டென்னில் சத்தம் எந்த வரிசையில் விழும் என்பது இடத்தைப் பொறுத்தது. இங்கே பேட்டி, அடுத்த காட்சியில் அதே உயரத்தில் இசை. வெட்டுகிறவனுக்குக் கவலையில்லை, வாங்குகிறவனுக்குத் தலைவலி.

இன்னொன்று, இதுதான் அன்று எல்லாரையும் நிஜமாகவே எரியவைத்தது என்று இப்போது தோன்றுகிறது. டென் வந்த அதே நாளில் செவனை விற்பதை நிறுத்தினார்கள். ஐந்து எடிட்டிங் சூட் வைத்து ஒரு சீரியல் ஓட்டிக்கொண்டிருப்பவன் ஆறாவது சூட் போட வேண்டுமென்றால் லைசென்ஸ் கிடையாது. பிறகு போனில் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள், அது வேறு கதை. ஆனால் 2007ல் புது ஐமூவி பிடிக்கவில்லை என்று வீட்டில் பிறந்தநாள் வீடியோ வெட்டுகிறவர்கள் முணுமுணுத்தபோது, இதே ஆப்பிள் பழைய ஐமூவியை அவர்களுக்கு இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தது. அவர்களுக்குக் கொடுத்த மரியாதையை, அதை வைத்துச் சோறு சாப்பிட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதுவும் எப்போது? 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் வந்து நாலே மாதத்தில். அது ஃபைனல் கட்டில் வெட்டிய படம்.

போட்டி கம்பெனிகளான அடோபியும் அவிட்டும் சும்மா இருக்குமா? அடோபி பாதி விலை என்றது, அவிட் 995 டாலருக்கு மீடியா கம்போசர் தருகிறேன் என்றது. நான் பிரீமியருக்குப் போனேன். உபிலோஸ் மேல் கோபித்துக்கொண்டு அவர் வீட்டை விட்டுக் கிளம்பியவன், அவரே முன்னால் கட்டிய வீட்டில் போய் வாடகைக்கு உட்கார்ந்தேன். அப்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவிட்டுக்குப் போயிருப்பேனோ என்னவோ.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்ததைச் சொல்லத்தான் வேண்டும். செப்டம்பரில் எக்ஸ்.எம்.எல்., கூடவே ஒவ்வொரு கிளிப்புக்கும் பேச்சு, இசை என்று பேர் ஒட்டும் 'ரோல்ஸ்'. அடுத்த ஜனவரி கடைசியில் மல்டிகேம், அதுவும் 64 கோணம் வரை. பழைய ப்ராஜெக்டைக் கொண்டுவர வெளியார் செய்த ஒரு சின்னக் கருவியும் வந்தது. ஏழு மாதம் பொறுத்திருந்தால் இவ்வளவு சாபம் வாங்கியிருக்க வேண்டாம். 2016ல் வந்த 10.3ல் என்ன செய்தார்கள் தெரியுமா? உனக்குத் தெரியும், நீதான் எனக்குக் காட்டினாய். பேச்சு ஒரு நிறம், இசை ஒரு நிறம், எஃபெக்ட் ஒரு நிறம் என்று பிரித்து, தனித்தனி வரிசையாக விரித்துப் பார்க்கலாம். தெருவாசல் வழியாக விரட்டிய டிராக்கைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள். இன்னும் சொல்லப்போனால் அது பழைய டிராக்கைவிட ஒரு படி மேல். கிளிப் எங்கே கிடந்தாலும் இசை இசைதான், பேர் கூடவே ஒட்டியிருக்கும். மிக்சிங்குக்கு அப்படியே பிரித்து எடுத்துவிடலாம். முதல் நாளே இதைக் கொடுத்திருந்தால் நான் டீக்கடையில் உன்னிடம் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சினிமாக்காரர்கள் மட்டும் முழுதாகத் திரும்பி வரவில்லை. 2015ல் 'ஃபோகஸ்' என்று ஒரு பெரிய ஹாலிவுட் படம் டென்னில் வெட்டி வந்தது, நீ அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் என் உயிரை வாங்கினாய். 2022ல் எடிட்டர்கள், சினிமாக்காரர்கள் நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு அப்போது ஆப்பிளின் தலைமை அதிகாரியாக இருந்த டிம் குக்குக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். இந்த முறை திட்டி இல்லை. மென்பொருள் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, சினிமா டி.வி.யில் இதை வைத்து வேலை வாங்க முடியவில்லை, நீங்கள் கொஞ்சம் வெளிப்படையாக எங்கள் பக்கம் நில்லுங்கள் என்று. 2011ல் ஓடிப்போனவன் மனதில் ஒரே கேள்விதான், நாளைக்கு இதையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால்? அந்தக் கேள்விக்கு 10.3 வந்தாலும் 11 வந்தாலும் பதில் இல்லை.

ஒரு சின்ன சந்தோஷமும் சொல்லிவிடுகிறேன். 2020ல் ஆஸ்கர் வாங்கியதே 'பாரசைட்', அதை வெட்டியது செவனில். நிறுத்தி எட்டு வருடம் ஆன மென்பொருளில்! எடிட்டிங்குக்கும் பரிந்துரை போனது. அந்த எடிட்டர் எங்கோ சியோலில் நம் டவர் மாதிரி ஒன்றைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன், உறவுக்காரர் மாதிரி தோன்றியது.

தறிப் படத்தை செவனிலிருந்து எக்ஸ்.எம்.எல். எடுத்து டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய டைம்லைன் ஒரு வெட்டு பிசகாமல், எட்டு டிராக்கும் போட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. காலியாகக் கிடந்த ஏழும் எட்டும்கூட. மிக்சிங் செய்கிற பையன் உன்னை என்னைத் தெரியாதவன், திறந்ததும் ஒரு கேள்வி கேட்காமல் வேலையை ஆரம்பித்தான். இதை என் அசிஸ்டெண்டிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது காரியம். ஏ6ல் மூன்றாவது கிளிப் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது, மீடியா ஆஃப்லைன், அதாவது மூல ஃபைலைக் காணவில்லை. 'தறி_இரவு_3' என்று பேர் வைத்திருக்கிறாய். இங்கே இருக்கிற எந்த டிஸ்க்கிலும் இல்லை. இரவு, மழை ஓய்ந்த பிறகு, கிழவரும் அவர் மகளும் மாறி மாறித் தறி போட்டது என்று நினைவு. ரெக்கார்டர் கார்டை நீதான் கொண்டுபோனாய். வீட்டில் பழைய பெட்டி, பீரோ மேல்தட்டு, தங்கச்சி மருந்து வைக்கிற டப்பா எல்லாவற்றையும் துழாவிப் பார். வியாழக்கிழமை மிக்சிங். கிடைத்தால் அப்படியே அனுப்பு, நீ கை வைத்து அழகுபடுத்த வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்