ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சொட்டு ரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் மூன்று ஏக்கர் மாந்தோப்பும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கிறேன். வயது 58. சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

போன மாம்பழ சீசனில் எங்கள் வீட்டில் ஒரு தகராறு. படுக்கும்போது 130 சொச்சம் இருக்கும் சுகர், காலையில் வெறும் வயிற்றில் 180 காட்டும். நடுவில் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்று சொன்னால் என் மனைவி நம்புவதாக இல்லை. வைக்கோலில் பழுக்க வைத்திருந்த செந்தூராவை எண்ணிவிட்டுப் படுக்க ஆரம்பித்தாள். காலையில் பழம் இருபத்திரண்டும் அப்படியே இருந்தது. சுகர் 184.

நான் காட்டிய டாக்டரும் அவள் கட்சிதான். "நைட்டு சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சரி என்று இரண்டு களி உருண்டையை ஒன்றாக்கினேன். (கேழ்வரகுக்கு சுகர் ஏறாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் மாவுச்சத்துதான், பெரிய உருண்டை என்றால் ஏறத்தான் செய்யும்.) அப்படியும் காலையில் 176.

பால் கறக்க எப்படியும் நாலரைக்கு எழுகிறவன் நான். மூன்று நாள் மட்டும் மூன்று மணிக்கே அலாரம் வைத்து விரலில் குத்திப் பார்த்தேன். மூன்று மணிக்கு 134, கறவை முடித்து ஆறு மணிக்கு 171. மற்ற இரண்டு நாளும் ஏறக்குறைய இதே கதை. நோட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். விடிவதற்கு முன்னால் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறுமாம். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். நோய் இல்லாதவர்களுக்கு இன்சுலின் அதைச் சமாளித்துக்கொள்ளும், நமக்குச் சமாளிக்காது. 'டான் ஃபினாமினன்' என்று பெயராம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டோடு போடச் சொன்னார். இப்போது காலையில் 140ஐ ஒட்டி நிற்கிறது. இது எனக்குச் சொன்னது, மற்றவர்கள் அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் மைத்துனர் கதை இதற்கு நேர் எதிர். ராத்திரி சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டது என்று தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், திரும்பி வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டார். இரண்டு மணிக்குப் பனியன் பிழிகிற அளவு வியர்வை, கை நடுக்கம், ஏதேதோ உளறல். பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நல்லவேளையாக விழுங்குகிற நினைவு இருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், ஏறியிருந்தது. அப்புறம் சாப்பிட வைத்தார்கள். காலையில் அவருக்கு 196! அந்த ஒரு எண்ணை மட்டும் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் மாத்திரையைக் கூட்டித்தான் கொடுத்திருப்பார்கள்.

எனக்கும் காலையில் ஏற்றம், அவருக்கும் ஏற்றம். ராத்திரி நடந்தது வேறு வேறு. அதைக் காட்டிக் கொடுத்தது நடுச்சாமத்தில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம்தான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரை வீடு தேடி வருகிறது, அதில் குறையில்லை. காலைச் சுகர் ஏறியே இருப்பவர்களுக்கும், ராத்திரி வியர்த்து எழுகிறவர்களுக்கும் சுகர் பார்க்கும் மீட்டர் ஒன்றும் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்டிரிப் பத்தும் மூன்று நாளைக்கு இரவலாகக் கொடுத்தால் போதும். எங்கள் தெருவில் ஸ்டிரிப் விலைக்குப் பயந்தே மீட்டர் வாங்காதவர்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வந்து சுகர் பார்க்கும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எங்க கையில என்னங்க இருக்கு, மேல எழுதிப் போடுங்க" என்றார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மா விவசாயி,
காவேரிப்பட்டணம் அருகில்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.