கோடு போட்டால் நடக்கும் கால்

சத்துவாச்சாரி,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கைதான் காரணம் என்று நினைக்காதே. கை தேறிவிட்டது. கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்ததைச் ‘சின்ன ஸ்ட்ரோக்’ என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு மாதத்தில் சட்டைப் பொத்தான் போட வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் பிரஷர் மாத்திரையை நானே குறைத்துக்கொண்டேன். திட்டாதே, வீட்டில் திட்டித் தீர்த்தாகிவிட்டது. இப்போது காலைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடை. சமையலறை வாசலுக்கு வந்தால் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் முன்னே போகும். போன மாதம் லாங் பஜாரில் காய்கறிக் கடை முன்னால் இப்படித்தான் விழுந்தேன். முள்ளு கத்தரிக்காய்க் குவியல் ஒரு முழம் தள்ளி இருந்தது, தப்பித்தேன்! மகனோ, “சோம்பேறித்தனம்ப்பா, நிமிர்ந்து நடங்க” என்கிறான்.

நரம்பு டாக்டர் புது ஸ்கேனைக் காட்டினார். மூளையின் ஆழத்தில் நூல் மாதிரி ஓடும் ரத்தக்குழாய்கள் பிரஷரால் தடித்து அடைத்துக்கொள்ளுமாம். முதலில் அடைத்த இடம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அப்புறம் எனக்கே தெரியாமல் இன்னும் சில அடைத்திருக்கின்றன. பார்க்க பார்கின்சன் என்கிற நடுக்க நோய் மாதிரியே இருக்கும், ஆனால் கை அவ்வளவாக நடுங்காது, தொல்லை எல்லாம் இடுப்புக்குக் கீழேதான் என்றார். அந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை இதில் பலருக்குச் சரியாகக் கேட்காதாம். எனக்கும் கேட்கவில்லை.

வாரம் இரண்டு நாள் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறேன். மேரி வர்கீஸ் டாக்டர் பாடுபட்டு 1966-இல் வந்ததே, அதுதான். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அந்த வாசலில் நின்றுகொண்டு முணுமுணுக்க வெட்கமாக இருக்கிறது.

அங்கே தரையில் குறுக்கே கோடு ஒட்டி, தாண்டச் சொன்னார்கள். தாண்டினேன்! வெறும் தரையில் நகராத அதே கால். இப்போது சமையலறை வாசலில் என் மனைவி கோல மாவால் தினமும் நாலு கோடு போடுகிறாள். பேத்திக்கு அது பாண்டிக் கட்டம். எனக்கு முன்னால் ஓடிவந்து, நொண்டியடித்து, பாதிக் கோட்டை அழித்துவிடுகிறாள்.

பொங்கலுக்கு நீ வரும்போது ஒன்று. நான் வழியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதே, விழுந்துவிடுவேன். பக்கத்தில் நின்று “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணு, போதும். ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கவும் வேண்டாம். வாங்கினால் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்.

உன்,
கோவிந்தன்