வெள்ளையனுக்குக் கை காட்டும் முறை

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். ஆகஸ்டில் பிள்ளைகளோடு வருகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா குசினியை விட்டு வெளியே வருவதில்லை. நான் இதை எழுதுவது எங்கள் நாய் வெள்ளையனுக்காக. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டு.

அவனுக்குக் காது கேளாது என்றதும் போனில் நீ "பாவம்" என்றாய். பாவப்பட ஒன்றுமில்லை மகள். பிறவியிலேயே அப்படித்தான். வெள்ளை கூடிய நாய்கள் சிலவற்றுக்கு உட்காதில் நிறம் தரும் செல்கள் இருக்காது. அதனால் பிறந்து சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துபோகும். வெள்ளையில் புள்ளி போட்ட டால்மேஷன் இனத்தில் இது கூடுதல். ஆனால் எந்த நாய்க்கும் நம் வாயை விட நம் உடம்பை வாசிப்பதுதான் சுலபம். மனிதன் விரல் நீட்டிய பக்கம் நாய் போய்த் தேடும் என்பதை 1998இல் அமெரிக்காவிலும் ஹங்கேரியிலும் தனித்தனியாகச் சோதித்துக் காட்டினார்கள். வெள்ளையன் எங்கள் கையைப் பார்த்தபடியேதான் வளர்கிறான்.

முதலில் பழக்கியது கட்டைவிரலை உயர்த்துவது. அதற்கு "சரி, நல்ல பிள்ளை" என்று பொருள். விரல் உயர்ந்த உடனே ஒரு துண்டு அவித்த ஈரல் வாயில் விழும். அவன் சரியாகச் செய்த அந்தக் கணமே விரல் உயர வேண்டும். கொஞ்சம் பிந்தினால், அதற்குள் திரும்பிக் காகத்தைப் பார்த்திருப்பான். காகத்தைப் பார்த்ததற்குத்தான் ஈரல் என்று எடுத்துக்கொள்வான்.

இருக்கச் சொல்ல, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை இடுப்பிலிருந்து தோள் வரை உயர்த்த வேண்டும். தொடக்கத்தில் கையில் தீனியை வைத்து மூக்குக்கு மேலே தூக்கினேன். தலை அண்ணாந்தால் பின்பக்கம் தானாக நிலத்தில் படும். பிறகு வெறுங்கையால் அதே அசைவு, தீனி மற்றக் கையிலிருந்து. படுக்க, உள்ளங்கையைக் கவிழ்த்து நிலத்தை நோக்கி இறக்கு. நில் என்றால், விரித்த கையை அவன் முகத்துக்கு நேரே காட்டு. வரச் சொல்லும்போது கையைப் பக்கவாட்டில் முழுதாக நீட்டி நெஞ்சுக்குக் கொண்டுவா. இதைப் பெரிதாகச் செய்ய வேண்டும். தூரத்தில் அசையாமல் நிற்பதை விட அசைவதுதான் நாய்க்கு நன்றாகத் தெரியும். இரவில் விறாந்தை லைட்டை இரண்டு தரம் போட்டு அணைத்தால் வளவின் எந்த மூலையிலிருந்தும் ஓடி வருவான்.

துறைமுகத்தில் நான் கிரேனுக்குக் கை காட்டிய காலத்தில் ஒரு விதி இருந்தது. மேலே இருப்பவர் ஒரே ஆளுடைய கையைத்தான் பார்ப்பார். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் ஏற்பார். வீட்டில் அப்படி ஒரே ஆள் என்று வைக்க முடியாது, ஆனால் எல்லாருடைய கையும் ஒரே மாதிரி இருக்கலாம். சின்னவன் ஒரு விதமாகவும் பெரியவள் இன்னொரு விதமாகவும் காட்டினால், குழம்பிப்போவது வெள்ளையன்தான். அம்மா கரண்டியோடு கையை வீசிக் கதைக்கும்போதே அவன் இருந்து எழும்புகிறான்.

இனிச் சொல்வதைப் பிள்ளைகளுக்கு இரண்டு தரம் வாசி. அவன் நித்திரையில் இருக்கும்போது ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது. ஆள் வரும் சத்தம் அவனுக்குக் கேளாது. திடுக்கிட்டு எழும் எந்த நாயும் கடிக்கலாம். மூக்குக்குக் கிட்ட உள்ளங்கையைப் பிடித்தால் மணம் பிடித்துத் தானே கண் திறப்பான். அதன் பிறகும் எழும்பாவிட்டால் தோளில் மெல்லத் தொடலாம். எப்போதும் அதே இடத்தில். கண்ணைத் திறந்ததும் ஏதாவது தீனி கொடுத்தால், தொட்டு எழுப்புவது அவனுக்கு நல்ல சேதியாகிவிடும்.

உவர்மலை வீட்டு வளவுக்குள் அவிழ்த்து விடலாம். படலைக்கு வெளியே கயிறு கட்டாயம். பின்னால் வரும் ஓட்டோவின் ஹோர்ன் அவனுக்குக் கேளாது. டச் பே கடற்கரைப் பக்கம் கூட்டிப் போனால் கோட்டையில் திரியும் மான்கள் வேறு. மானைக் கண்டுவிட்டால் அவன் கண் என் கைக்குத் திரும்பாது, அப்போது எந்தச் சைகையும் பயனில்லை. அதனால் நீளக் கயிற்றில் விட்டு, தானாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் விரலை உயர்த்தித் தீனி கொடுக்கிறேன். இந்தப் பழக்கம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. பிள்ளைகள் வந்ததும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அவர்கள் அவனுக்குப் பந்து வாங்க நின்றால் நீலம் வாங்கச் சொல். சிவப்புப் பந்து பச்சைப் புல்லில் அவனுக்குப் பிரிந்து தெரியாது.

புறப்பட முதல் இரண்டு பேரும் கை காட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பு. பிழை இருந்தால் நான் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா