ஞாயிறு பாட்டு: வீடு வரை உறவு

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு இரவு 8 மணிக்குப் பேசப்போகும் பாட்டு, ‘பாத காணிக்கை’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘வீடு வரை உறவு’. கூடவே பட்டினத்தாரின் ‘அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே’ பாடலையும் படித்துவிட்டு வாருங்கள். வீடு, வீதி, சுடுகாடு என்ற வரிசை அப்படியே இருக்கும். முடிவில்தான் வித்தியாசம். கடைசியில் கூட வருவது புண்ணிய பாவம்தான் என்று பட்டினத்தார் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். கண்ணதாசன் ‘கடைசி வரை யாரோ’ என்று கேள்வியாக விட்டுவிட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு எது என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்குள்.

அப்புறம், எல்லா டூயட்டையும் ஜீவாத்மா, பரமாத்மா என்று இழுக்க வேண்டாம். சில பாட்டு வெறும் காதல் பாட்டுதான். குட் மார்னிங் படங்களும் வேண்டாம்!