அன்பியப் பொறுப்பாளர்களுக்கு: வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சையும் வீடு வீடாகக் கொண்டுபோங்கள்

குமரிக் கடற்கரை ஊர்களில், கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

துறைமுகம், கட்டட வேலை, ஓட்டல் என்று எங்கு பார்த்தாலும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் பையன்கள். அவர்கள் இல்லாமல் பாதி வேலை நடக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் ‘வடக்கனுக்குக் கிடையாது’ என்கிறோம். ஒரு பைக் காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான். ஒரு டீக்கடையில் நம்மவர்களுக்குக் கண்ணாடி கிளாஸும் அவர்களுக்குப் பேப்பர் கப்பும் கொடுப்பதைப் பார்த்தேன். கப்பை வாங்கிய பையன் பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வெளியே போய் ரோட்டோரம் நின்று குடித்தான். எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஏற்கெனவே பழக்கிவிட்டிருக்கிறோம். இது இனவெறிதான்.

பிரசங்கத்தில் இதைச் சொல்லாமல் இல்லை. கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் உரிமையோடு போய் உட்காரக்கூடியவர்கள் நீங்கள்.

வீடு வீடாகப் பேசினால் மனம் மாறுமா என்பதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இதைப் பற்றி 2014-ல் வந்த ஆய்வு ஒன்று நம்பத்தகாதது என்று 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அதன் குளறுபடியை வெளியே கொண்டுவந்தவர்களில் இருவரான ஆய்வாளர்கள் டேவிட் புரூக்மேனும் ஜோஷ்வா கல்லாவும் மயாமியில் நேர்மையாகச் செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். திருநர்கள் (திருநங்கை, திருநம்பி) மீதான வெறுப்பைப் பற்றி வாசலில் நின்று சுமார் 10 நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் மாற்றம் நிலைத்திருந்தது. பேசப் போனவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது. அதாவது, வடக்கிலிருந்து வராத, ஹிந்தி தெரியாத நாமும் இந்தப் பையன்களுக்காக நம்மவர்களிடம் பேசலாம். நிறவெறியைப் பற்றிப் பேசவும் அங்கே இதே முறையில் கதவு தட்டுகிறார்கள்.

இன்னொன்று. இவர்களே 2020-ல் வெளியிட்ட ஆய்வு, உரிய அனுமதி இல்லாமல் குடியேறியவர்கள் மீதான மனநிலையையும் சேர்த்துச் சோதித்தது. வெறும் வாதத்தை மட்டும் வைத்தபோது பலன் தெரியவில்லை. எதிரில் இருப்பவரைக் குறை சொல்லாமல் கேட்டு, அவர் அனுபவத்தையும் நம் அனுபவத்தையும் பகிர்ந்துகொண்டபோதுதான் மனம் அசைந்தது.

நீங்கள் போகும் வீட்டில் ஓர் அம்மா, “பொம்பளப் பிள்ளைகள் இருக்க இடம் மக்ளே, பயமாட்டு இருக்கு” என்பார். உடனே ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பயத்தை முழுதாகச் சொல்லவிடுங்கள். அந்தப் பையன்களில் யாரோடாவது நேரில் பேசியதுண்டா என்று கேளுங்கள். அப்புறம், உங்களை யாராவது அப்படி ஒதுக்கிய நாள் உண்டா என்று கேளுங்கள். பதில் வர நேரம் ஆகும். அவசரப்படுத்தாமல் இருங்கள்.

நம் கடற்கரையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு இருக்காது. 2021 டிசம்பரில் மீன் விற்றுவிட்டு வந்த வயதான அம்மா ஒருவரை, நாற்றம் என்று சொல்லிக் குளச்சலில் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டு நியாயம் கேட்ட வீடியோவை நாம் எல்லாரும் பார்த்தோம். நாம் கொதித்தோம், முதலமைச்சரே கண்டித்தார். கூடை சுமந்து விற்ற நம் அம்மாக்களும் பாட்டிகளும் அந்த ‘நாற்றம்’ என்ற சொல்லை எத்தனை காலமாகக் காதில் வாங்கினார்கள்! 2020-ல் கொரோனா வந்தபோது ஈரானில் மாட்டிக்கொண்டு, கடைசியில் கடற்படையின் ஜலஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கியவர்களில் நம் ஆட்களும் உண்டு. அந்நிய ஊரில் பாஷை தெரியாமல் ஒரே அறையில் பத்துப் பேராகக் கிடப்பது என்னவென்று அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நினைவைப் பேசவிட்டாலே போதும், ஒடிசாப் பையனை அவர்களே வேறு மாதிரிப் பார்ப்பார்கள். முடிவை நாம் எடுத்துச் சொல்ல வேண்டாம், அவர் வாயிலிருந்தே வரட்டும்.

எல்லாரும் மாறிவிட மாட்டார்கள். சிலர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அந்த ஆய்வுகளிலும் எல்லாரும் மாறவில்லை. ஆனால் ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்காரர் மனம் மாறினால் இரண்டு வீடு வாடகைக்குக் கிடைக்கும், அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் இதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். இருவர் இருவராகப் பிரிந்து, முதலில் வாடகை வீடு வைத்திருப்பவர்களிடமும் டீக்கடைக்காரர்களிடமும் போங்கள். நோட்டீஸ் வேண்டாம், போட்டோ எடுத்து குரூப்பில் போடவும் வேண்டாம். என் தெருவுக்கு ஆள் தேவைப்பட்டால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.